பெட்டை நண்டின் வயிற்றில்

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வயலுக்கு நண்டு தேடி ஓர் ஆராய்ச்சிக்கார அம்மா வந்தார். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை சேறு. எந்த நண்டை எடுத்தாலும் முதலில் மல்லாத்தி வயிற்று மடிப்பைப் பார்ப்பார். குறுகலாக இருந்தால் ஆண். ஆண் நண்டின் விந்தணுதான் அவருக்கு வேண்டும், அதுவும் உயிரோடு இருக்கும் நண்டிலிருந்து.

நண்டு வளை போட்டால் வரப்பு ஒழுகும். அதனால் மருந்து கலந்த சோற்று உருண்டையை முந்தின நாள்தான் வளைக்கு வளை வைத்திருந்தேன். மத்தியானம் வரை அவர் செத்த நண்டுகளையே பொறுக்கினார். கடைசியில் உயிரோடு கிடைத்தது ஒன்றே ஒன்று, பெட்டை.

"பொட்டை ஆகாதுங்களா?" என்றேன்.

"ஆகுமுங்க. இணை சேர்ந்திருந்தா இது வயித்துக்குள்ள விந்தணு பத்திரமா இருக்கும். அதுக்கு வால் இல்லீங்க, நீந்தத் தெரியாது. அதோட உருவத்த வெச்சுத்தான் இந்த நண்டு எந்த வம்சத்துல இருந்து பிரிஞ்சுதுன்னு சொல்ல முடியும். ஆனா அறுக்கணும்."

நண்டைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங்க, இத விட்டுட்டா இனி மருந்து வெக்காம இருப்பீங்களா?"

"வெக்காம வரப்பு நிக்குமுங்களா?"

நண்டின் முதுகை ஒரு விரலால் தடவிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

நான் வேறு பதில் சொல்லியிருந்தால் அதை வாய்க்காலில் விட்டிருப்பாரா என்பது இன்றுவரை தெரியவில்லை. இந்தப் போகத்துக்கும் உருண்டை பிடித்துக்கொண்டு போனேன். வரப்பு முழுக்க நடந்தும் ஒரு வளைகூட இல்லை.