தலைப்பு மூடியபின் எழுதிய பதில்

கடைக்கு இருந்தது ஒரேயொரு தொலைபேசி இணைப்பு. வவுனியா நகரத்தில், வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க வருபவர்களுக்கான கொமினிக்கேசன் அது. இரண்டாயிரமாம் ஆண்டளவில் நான் அங்கே வேலை செய்தேன். பகல் முழுதும் அந்த இணைப்பு மகனோடும் மகளோடும் பேச வருபவர்களுக்கு உரியது. கணினிக்கு அது கிடைப்பது, காலையில் கடை திறந்ததிலிருந்து முதல் ஆள் வந்து நிற்கும்வரைதான்.

கடையை நடத்தியவர் என்னைவிட இளைய பெண். நான் தங்கச்சி என்பேன், அவர் அண்ணை என்பார். கனடாவிலிருந்து ஒருமுறை வந்துபோன அவருடைய தம்பி, கணினியைப் பொருத்தித் தந்து, ஒரு தமிழ் மடற்குழுவிலும் கடையைச் சேர்த்துவிட்டுப் போனார். உலகத்தின் பல மூலைகளில் இருக்கும் நம்மவர்கள் அதில் எழுதுவார்கள். ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் வரும். தங்கச்சிக்கு அதை வாசிக்க நேரமில்லை. ஆட்களுக்குக் கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுத்துப் பழகியிருந்த எனக்கு அது பிடித்துப்போயிற்று.

கடிதங்களை வாசிக்க கணினியில் நியூஸ்ரீடர் என்று ஒரு மென்பொருள் இருந்தது. கடிதங்களை அது குவியலாகக் கொட்டாது. ஒருவர் எழுதியதற்குக் கீழே, சற்றுத் தள்ளி, அதற்குப் பதில் எழுதியவரை வைக்கும். அவருக்குக் கீழே அவருக்குப் பதில். வாசிக்காதவை தடித்த எழுத்தில் நிற்கும். காலையில் இணைத்து, வந்ததையெல்லாம் இறக்கிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிடுவேன். பிறகு ஆட்கள் குறைந்த நேரங்களில் வாசிப்பேன். பதில் எழுதினால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அடுத்த நாள் காலை இணைக்கும்போதுதான் வெளியே போகும்.

நான் ஆட்களுக்கு முன்னால் பேசாதவன். கூட்டத்தில் யாராவது என்னைப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதால் வந்த கூச்சம் என்று சிலர் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பிறவியிலேயே அப்படித்தான். ஆனால் மடற்குழுவில் ஒருவருடைய வரியை வெட்டி வைத்து, அதன் கீழேயே என் பதிலை எழுதலாம். என் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. இடையில் யாரும் குறுக்கிடவும் முடியாது.

ஒருநாள் ஒரு தலைப்பு வந்தது. ஊரை விட்டு வராமல் இன்னும் அங்கேயே இருப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது கேள்வி. கிளை விட்டு, கிளைக்குள் கிளை விட்டு, திரையை உருட்ட உருட்டக் கடிதங்கள். இலண்டனிலிருந்து ஒருவர், பாரிசிலிருந்து ஒருவர், சிட்னியிலிருந்து ஒருவர். ஊரில் இருப்பவர் ஒருவர்கூட அதில் இல்லை. "அங்கே மிஞ்சியிருப்பவர்கள் போக வழியில்லாதவர்கள்" என்று ஒருவர் முடித்திருந்தார். மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வரியை வெட்டி வைத்து எழுதினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வவுனியாவில் இருக்கிறேன். நான் மிச்சம் இல்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கலவரத்தில் எங்களைத் துரத்தியபோது எங்கே போவது என்று மற்றவர்கள் தீர்மானித்தார்கள். இங்கே வவுனியாவுக்குப் பக்கத்தில், பூவரசங்குளத்தில் காட்டு வேரைப் பிடுங்கி, கிணறு வெட்டி, நாங்களே தீர்மானித்துத் தங்கினோம். இனி இங்கிருந்து எழும்பிப் போவதென்றால் அதையும் நாங்களே தீர்மானிப்போம். இப்படி ஒவ்வொருவருடைய வரிக்கும் கீழே ஒவ்வொரு பதில் எழுதினேன். அடுத்த நாள் காலை எல்லாம் ஒன்றாகப் போயின.

அதற்குள் அவர்கள் பேசி முடித்திருந்தார்கள். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம் என்று குழுவை நடத்துபவர் தலைப்பை மூடிவிட்டாராம். நியூஸ்ரீடரில் என் பதில்கள் அந்தந்தக் கிளைக்குக் கீழே ஒழுங்காகத்தான் உட்கார்ந்திருந்தன. ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் மின்னஞ்சலில் வாசிப்பவர்கள். அவர்களுக்கு என் கடிதங்கள் மழை போல ஒரே நேரத்தில் கொட்டியிருக்கின்றன. ஒரே நிமிடத்தில் ஓர் ஆளால் இவ்வளவு எழுத முடியாது, இது ஒரு கூட்டம் உட்கார்ந்து எழுதுவது, ஐந்தாம் வகுப்பு என்பதும் புழுகு என்று ஒருவர் எழுதினார். நடத்துபவர் எனக்கு நேராக எழுதினார்: குழுவுக்குத் தெரிந்த ஒருவர் நான் யாரென்று உறுதிப்படுத்த வேண்டும். இல்லையென்றால் நாளையோடு என் முகவரி நீக்கப்படும்.

தங்கச்சியிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கேன் அண்ணை முகத்தைத் தொங்கப்போடுறியள்? தம்பியை அவைக்குத் தெரியும்தானே. இவர் எங்கட கடை ஆள் எண்டு ஒரு வரி போடச் சொல்லுறன்."

"வேண்டாம், தங்கச்சி."

"ஏன்?"

"நான்தான் நான் எண்டு சொல்லுறதுக்கு இன்னொரு ஆள் வேணுமே?"

"உதென்ன வீம்பு? ஒரு வரிதானே."

"காலமை சைக்கிளில வரேக்க ஆமிச் சென்றியில பாஸ் காட்டுறன். பின்னேரம் போகேக்க திரும்பவும் காட்டுறன். துவக்கோட நிக்கிறவன் கேட்டா காட்டத்தான் வேணும். உவையளிட்ட என்ன துவக்கே இருக்கு?"

"வெட்டிப்போட்டினமெண்டா பிறகு ஒண்டும் எழுத ஏலாது, பாருங்கோ" என்றார்.

"வெட்டட்டும்."

வெட்டட்டும் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு அது சின்ன விசயமில்லை. என் வாழ்க்கையில் நான் முழுதாகப் பேசி முடித்த இடம் அது ஒன்றுதான். பின்னேரம், கடையில் ஆள் குறைந்ததும் எழுதினேன். கடைக்கு ஒரே இணைப்பு என்பதால் என் பதில்கள் சேர்ந்துதான் வரும், பிந்தித்தான் வரும், இனியும் அப்படியே வரும் என்றேன். நீங்கள் இலண்டனில் இருப்பதற்கு நான் அத்தாட்சி கேட்கவில்லை, நம்பித்தான் வாசித்தேன் என்றேன். என்னை உறுதிப்படுத்த யாரையும் கூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றேன். நீங்கள் மூடிய தலைப்பைப் பற்றியும் நான் இன்னும் பேசி முடிக்கவில்லை என்று சொல்லி, விடுபட்டிருந்த வரிகளுக்கும் கீழே பதில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை மோடம் கீச்சிட்டு இணைப்பு கிடைப்பதற்குள், வழக்கமாக முதலில் வரும் ஓட்டோக்காரர் வந்துவிட்டார். அவருடைய மனைவிக்குக் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. அந்த வீட்டுக்காரர்கள் எழும்புமுன் அவர் கோல் எடுத்துவிட வேண்டும்.

"என்ன அண்ணை, விடிய வெள்ளனவே வெளிநாட்டுப் பெட்டையளோட கதையோ? லைனை விடுங்கோவன். மனுசி பாத்துக்கொண்டு நிப்பாள்."

எனக்குக் காது சூடாயிற்று. வேறு நாளென்றால் அந்த இடத்திலேயே இழுத்துத் துண்டித்திருப்பேன். திரையில் பாதிக் கடிதங்கள்தான் போயிருந்தன. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எழும்பவில்லை.

"அண்ணை, உங்களுக்குத்தான் சொல்லுறன்!"

வாடிக்கையாளர் வந்தால் இணைப்பை விட்டுவிட வேண்டுமென்பது தங்கச்சி போட்ட சட்டம். அவர் மேசைக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ, தம்பி. அண்ணை கதைச்சு முடியேல்லை."

"கதைக்கிறாரோ? ரிசீவரை ஒருத்தரும் எடுக்கேல்லையே."

"அவர் உப்பிடித்தான் கதைக்கிறவர். கதிரையில இருங்கோ."

கடைசிக் கடிதமும் போனபிறகுதான் துண்டித்தேன். ஓட்டோக்காரர் என்னை முறைத்துக்கொண்டே தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து அவருடைய சிரிப்புக் கேட்டது. மனைவி எடுத்துவிட்டாள்.

மறுநாள் என் முகவரி வேலை செய்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நடத்துபவர் எல்லோருக்குமாக ஒரு வரி எழுதியிருந்தார்: வவுனியாவிலிருந்து எழுதும் அன்பருக்காக, இனி ஒரு தலைப்பை மூடுமுன் இரண்டு நாள் பொறுக்கப்படும்.

அந்த வரியை வெட்டி வைத்து, கீழே எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு. மூன்று நாள் பொறுங்கள்.