வேன் வரும் நாளில் சிரிக்காதீர்கள்

தம்பி, பாப்பா, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். லீவுக்கு வந்திருக்கும் அக்கா, "வேன் வர்ற அன்னிக்கு யாரும் சிரிக்கக் கூடாது. தேனு, பலாப்பழம்னு வாயத் தொறந்தீங்க, தொலைச்சிடுவேன்" என்று மிரட்டியதாக வந்து சொன்னீர்கள். "இன்னாத்துக்குப்பா சிரிக்கக் கூடாது?" என்று பாப்பா கேட்டாள். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடும். நான் பிளஸ் டூ பெயிலான ஆள், எழுத்தில் தப்பு இருக்கும். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். அக்காவிடம் காட்டாதீர்கள்.

நம் ஊர் நைனார்பாளையம் பக்கம். அங்கிருந்து கள்ளக்குறிச்சி வந்து பஸ் ஏறினால் அரை நாளுக்குள் இந்த மலைக்கு வந்துவிடலாம். ஆனாலும் ஊழியத்துக்கென்று நாங்கள் முதன்முதலில் வந்தபோது, கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலை ஏறத் தொடங்கியதும் வேறு தேசத்துக்குப் போவது போலத்தான் இருந்தது. கீழே மின்விசிறி இல்லாமல் தூங்காதவர்கள் மேலே சித்திரை மாதத்தில் கம்பளி தேடினோம். கடையில் என் பெயரைக் கேட்கவில்லை, "கீழ்நாட்டுக்காரரே" என்றுதான் கூப்பிட்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா வேண்டாமா என்று எங்கள் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். ஃபோன் பேச வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே இருக்கும் பாறை மேல் ஏற வேண்டும், அங்கேதான் டவர் கிடைக்கும். அம்மா அங்கே போய் உங்கள் பாட்டியிடம் பேசி அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருவாள்.

அந்த நாட்களில்தான் குடும்ப ஜெபத்தில் ஸ்தோத்திரம் சொல்லும் பழக்கத்தை ஆரம்பித்தோம். அன்றைக்குக் கிடைத்த நல்லது ஒன்றை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லக் கூடாது. இந்தச் சட்டம் போட்டது நான்தான். பெரிய பெரிய ஆசீர்வாதங்களெல்லாம் ஒரே வாரத்தில் தீர்ந்துபோயின. அதற்கப்புறம் சின்னச் சின்னதைத் தேட வேண்டியதாயிற்று. தேடத் தேடக் கிடைத்தது, அதைத்தான் சொல்ல வருகிறேன். பனியில் குளிக்கும்போது முதல் சொம்பு வெந்நீர் முதுகில் விழுவது. தணலில் சுட்ட பலாக்கொட்டை. கண்டக்டர் நினைவு வைத்து வாங்கிவந்து கொடுத்த, நசுங்கிப்போன போண்டா. ஈர யூனிஃபார்மைக் காயவைக்க அரை மணி நேரம் மட்டும் வந்துவிட்டுப் போன வெயில். பக்கத்து வீட்டு மலைக்காரர் ஒருநாள் வாசலில் வைத்துவிட்டுப் போன தேன் பாட்டில்.

இதில் அக்காதான் கெட்டிக்காரி. அப்போது மூன்றாம் வகுப்புப் படித்தாள். நானும் அம்மாவும் ஒன்றும் கிடைக்காமல் விழிப்போம். அவள், "நம்ம வூட்டு ஆடு தும்முச்சி, எனக்கு சிரிப்பு வந்துச்சி, ஸ்தோத்திரம்" என்பாள்.

நாம் இருக்கும் இந்த வாடகை வீடு அப்போது நாட்டு ஓடு போட்டது. குரங்குகள் ஓடி ஓடி ஓடுகளையெல்லாம் உடைத்துவிட்டன. மழை பெய்தால் படுக்க இடம் இருக்காது. சுவரெல்லாம் ஈரம். அம்மாவுக்கு வீசிங் வந்தது அந்த ஈரத்தில்தான். மருந்து கொடுத்த டாக்டர், "ஈரத்துல படுக்கக் கூடாது, மொதல்ல கூரையப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். நமக்குப் படியளக்கும் சபையின் கமிட்டிக்கு, கூரைக்குத் தகர ஷீட் போட்டுத் தரச் சொல்லி எழுதினேன். நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகப் பதில் வந்தது. மழைக்காலத்துக்கு முன்பே கூரை மாறாவிட்டால் அம்மா தாங்க மாட்டாள். வேன் வருவதற்கு முன்னால் எங்களுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

கமிட்டித் தலைவரும் அவர் மனைவியும் சபை வேனில் வந்தார்கள். நல்ல வெயில் நாள். ஓடு எல்லாம் காய்ந்து கிடந்தது. சுவரில் இருந்த கறையைக் காட்டினேன். தலைவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நல்லா காத்தோட்டமாதான் இருக்குது" என்றார்.

விருந்தாளி வருவது தெரிந்து பக்கத்து வீட்டுக்காரர் தன் சேவலைப் பிடித்துவந்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். அவரிடம் இருந்ததே அந்த ஒரு சேவல்தான். தலைவர் ரசித்துச் சாப்பிட்டார்.

"நாங்க கீழ பிராய்லர தின்னுக்கினு ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம். இங்க மிஷனரி வூட்ல நாட்டுக்கோழி. ஊழியத்துக்கு நாம வந்திருக்கணும் போலருக்கே!"

"வாங்களேன், நாமளும் மூட்டைய கட்டிக்கினு வந்துடலாம்" என்று அவர் மனைவி சிரித்தாள். "சிஸ்டர், இன்னும் ரெண்டு துண்டு வைங்க. தேன் வேற வெச்சிருக்கீங்க. கீழ இதெல்லாம் கலப்படம்தான்."

நாங்களும் சிரித்தோம். நமக்குச் சோறு போடுகிறவர்கள் எதிரில் வேறென்ன செய்வது?

சாப்பிட்டதும் ஜெபம். எங்கள் பழக்கத்தைச் சொன்னேன். தலைவரம்மா அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எங்க, இன்னிக்கு இன்னா ஸ்தோத்திரம் சொல்லப் போற கண்ணு?" என்றாள். தேனும் கோழியும் சொல்லித் தீர்ந்தவை. அக்கா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

"மழை வந்தா எங்க வூட்டுக்குள்ளயே ஊத்தும். அம்மா குண்டான், சொம்பு, தட்டு எல்லாம் வெப்பாங்க. ஒண்ணொண்ணும் ஒரு சத்தம் போடும். அதக் கேட்டுக்கினே தம்பி தூங்கிடுவான். அதுக்காக ஸ்தோத்திரம்."

தம்பி, அப்போது நீ தூளியில் இருந்தாய். அவள் சொன்னது உண்மைதான், நீ தூங்குவாய்.

தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "தாளம் போட்டுத் தாலாட்டு! இன்னா பிரதர், கச்சேரியே வெச்சிக்கினு இருக்கீங்க? நீங்க எழுதினதப் பாத்து நாங்க பயந்துட்டோம்." போகும்போது மீதித் தேனை அம்மாவே பாட்டிலோடு கட்டிக் கொடுத்தாள்.

சில நாள் கழித்துப் பாறை மேல் நின்று ஃபோனில் முடிவைக் கேட்டேன். ஷீட் வடக்கே ஊழியம் செய்யும் வேறொரு குடும்பத்துக்கு.

"தப்பா நெனைக்காதீங்க பிரதர். அவங்க அனுப்பின ஃபோட்டோவப் பாத்தா கண்ணு கலங்குது. உங்க வூட்டுக்கு வந்தா வயிறுதான் நெறையுது."

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலை அம்மாவுக்கு மூச்சு முட்டி, உதடு நீலமாகிவிட்டது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கிய பிக்கப்பில் மூட்டைகள் மேல் அவளைக் கிடத்தினோம். அக்கா அவள் முகத்துக்கு நேராகக் குடையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் குடை திரும்பிக்கொண்டது, அவள் மறுபடி நிமிர்த்தினாள்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத் தலைவர் பார்க்க வந்தார், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு. கட்டிலில் அம்மா மாஸ்க்கோடு கிடந்தாள், காலடியில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"எங்க மேல வருத்தப்படாதீங்க. கொழந்த அன்னிக்கு அவ்ளோ சந்தோசமா சொன்னா. அத நம்பித்தானே வுட்டோம்? இல்லம்மா?" என்று அவள் தலையைத் தடவினார்.

அவளிடம்தான் கேட்டார். அவளும், "ஆமாங்க" என்றாள்.

உன் மேல் தப்பில்லை என்று நான் அப்போது சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அம்மா பிழைத்து வந்தபிறகு ஜெபத்தில் அக்கா ஸ்தோத்திரம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அவள் முறை வந்தால் "ஆமென்" என்பாள், அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள், நீங்களே பார்க்கிறீர்கள்.

அடுத்த வருஷம் வேன் மறுபடி வந்தது. காலையிலேயே அக்கா தேன் பாட்டிலைத் துணி மூட்டைக்குள் சொருகினாள். பக்கத்து வீட்டுக்காரர் தன் புதுக் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வழியிலேயே மறித்து, "வேணாங்க மாமா, கஞ்சி போதும்" என்று திருப்பி அனுப்பினாள். அவர் ஒன்றும் புரியாமல் கோழியோடு நின்றார். கீழ்நாட்டுக்காரர்களுக்கு மலைக்காரன் கையால் வாங்கப் பிடிக்கவில்லை போல என்று அவர் நினைத்துக்கொண்டது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஜெபத்தில் தலைவரம்மா ஸ்தோத்திரம் சொல்லக் கேட்டதும் அக்கா எழுந்து நின்றாள்.

"ராத்திரி அம்மா மூச்சு வுடும்போது சீட்டி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். நான் தூங்காம கேட்டுக்கினு இருப்பேன். சத்தம் நின்னுச்சின்னா செத்துட்டாங்களோன்னு மூக்குகிட்ட கை வெச்சிப் பாப்பேன்." சொல்லும்போதே கண்ணீர் வந்தது.

அதிலும் பொய் இல்லை, பிள்ளைகளே. அவள் சொன்ன இரண்டுமே உண்மை.

தலைவரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு ஃபோனை எடுத்தாள். "கண்ணு, இன்னொரு தடவ சொல்லு, சபையில காட்டணும். கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

அக்கா வெளிச்சத்துக்கு நகர்ந்து நின்றாள். ஒரு வார்த்தை மாறாமல் மறுபடி சொன்னாள். முன்பு அழுத அதே இடத்தில் அழுதாள். கேமரா நின்றதும் என் பக்கம் திரும்பி மெதுவாக, "போதுமாப்பா?" என்றாள்.

கூரை வந்தது. இப்போது நம் தலைக்கு மேல் இருக்கும் இந்தத் தகர ஷீட் அதுதான். ஒரு சொட்டு ஒழுகாது. அம்மாவின் மூச்சும் சீரானது, அதற்காக நான் தினமும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் மழை பெய்தால் தகரத்தின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. ஜெபத்தில் நாமெல்லாரும் கத்த வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அக்காவைக் கவனித்திருக்கிறீர்களா? மழையில் மட்டும் அவள் உதடு அசையும். நீளமாக எதையோ சொல்வாள். சில சமயம் சிரிப்பாள். இரைச்சல் குறைந்ததும் வாயை மூடிக்கொள்வாள்.

வருகிற சனிக்கிழமை வேன் வருகிறது. தம்பியைக் கீழே ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைப்பதா வேண்டாமா என்று பார்க்க வருகிறார்கள். "சிரிங்கடா, யாருக்கும் பயப்படாதீங்க" என்று முடிக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த மலையில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது.

அதனால் அக்கா சொன்னபடியே செய்யுங்கள். பலாக்கொட்டையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். தேன் பாட்டில் பரண்மேல் இருக்கிறது, நான்தான் வைத்தேன். பாப்பா, உனக்குச் சிரிப்பு வந்தால் ஆட்டுக் கொட்டகைக்கு ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வா. வேன் கடைசி வளைவு தாண்டிப் போகட்டும். அதற்கப்புறம் அடுப்பு மூட்டலாம்.