கண்ணாடி போட்ட பலாமரம்

என் கணவர் வாரநாட்களில் அரசு அலுவலகத்தில் ஃபைல் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியம் வரைவார். கரமனையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், அதை எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் "இந்தா வாறேன்" என்பார். சோறு ஆறி, நான் சூடாகி, அப்புறம்தான் வருவார்.

வானத்துக்கு வர்ணத்தை நீர்க்கக் கரைத்து, துணியின் இழை தெரியும்படி மெலிதாகத் தேய்த்திருந்தார். அடிமரத்துக்கு வந்ததும் கஞ்சத்தனத்தை விட்டுவிட்டார். வர்ணத்தைக் கத்தியால் அப்பி அப்பி, பட்டையின் வெடிப்பும் காய் பறித்த வடுவும் கையில் தட்டுப்படும்படி செய்தார். ஒரு கணுவுக்குக் கத்தி சரிப்படாமல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். ரேகை அப்படியே விழுந்தது. ஈரக்காற்றில் அடிமரம் காயவே இல்லை. பாலில் ஆடை படிந்த மாதிரி மேலே மட்டும் இறுகி, உள்ளே மெத்தென்று இருந்தது.

மழை விடுவதற்குள் அலுவலகத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். எனக்கு அழ வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். அதில் எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. அவர்கள் போனபின் அந்தக் கணுவில் விரலை வைப்பேன். அவர் ரேகை தட்டுப்படும். அது போதுமாக இருந்தது.

பதினாறாம் நாளுக்கு அவர் போட்டோவைச் சட்டம் போட எடுத்துப்போன அவருடைய அண்ணன், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து பலாமரத்தையும் பழவங்காடிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனார். சாமி படங்களும் இறந்தவர் போட்டோக்களும் சட்டம் போடுகிற கடை. வழக்கம்போல இரண்டுக்கும் கண்ணாடி வைத்து, பின்னால் பலகையை அழுத்தி ஆணி அடித்துவிட்டார்கள்.

"இனிமே தூசு பொடியும் படாது, கையும் படாது, கேட்டியா?" என்றார் அண்ணன், படத்தைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு.

"நல்லா இருக்கு அத்தான்" என்றேன். அடிமரம் கண்ணாடியில் ஒட்டிச் சப்பையாகப் பரவியிருந்தது. ரேகை இருந்த இடத்தில் வழுவழுவென்று ஒரு பழுப்புக் கறை.

பதினாறு முடிந்ததும் நானே படத்தைக் கடைக்குத் தூக்கிப்போனேன். புருஷன் போனவள் இப்போதே வெளியே போகலாமா என்று கேட்டவர்களைத் தாண்டித்தான் போனேன். கடைக்காரர் ஓரத்தை நெம்பிப் பார்த்தார்.

"கண்ணாடிய எடுத்தா மரமும் கூடயே வந்திரும்க்கா. எடுக்கட்டா?"

வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து, கணு இருந்த இடத்தில் கண்ணாடிமேல் விரலை வைத்தேன். சில்லென்று இருந்தது. அவர் செத்துப்போனது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.