அத்திமரத்துக்கு நான் வைத்த இலைகள்

நாங்கள் குடியேறிய மல்கிரேவில் எனக்கு முடிவெட்டிய கிரேக்கர், கத்தரிக்கோலை எடுக்குமுன் தன்னுடைய வெள்ளை மீசையைச் சீவிக்கொள்வார். என் தலையில் சீவ அதிகம் இல்லாததால் நான் குறை சொன்னதில்லை.

நானும் மனைவியும் கிரேக்கத்துக்குச் சுற்றுலா போகிறோம் என்றதும், தான் பிறந்த சின்னத் தீவின் பெயரைத் தாளில் எழுதித் தந்தார். "பழைய கோட்டை வாசலுக்குப் பக்கத்து வீடு. முற்றத்தில் ஓர் அத்திமரம். இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவாரும்."

சுற்றுலாக் கப்பல் அந்தத் தீவில் மூன்று மணி நேரம் நின்றது. அன்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு மரக்கறி நாள். மீன் பொரித்த எண்ணெயிலா கிழங்கையும் பொரித்தீர்கள் என்று கடை கடையாக ஏறி விசாரித்தோம். கடைசியில் நான் கோட்டைப் பக்கம் திரும்ப, "என்னப்பா, கப்பலை விடப்போறியளே? ஓடி வாங்கோ!" என்று மனைவி கத்தினாள். அத்தனை நூற்றாண்டுச் சரித்திரத்தையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்து அவருடைய கதிரையில் உட்கார்ந்ததும், "மரம்?" என்றார்.

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உண்மை வாயில் வரவில்லை. "நல்லாய் இருக்கு. நிறைய இலை."

சீப்பு அந்தரத்தில் நின்றது.

"தீவை விட்டுப் புறப்பட்ட அன்று அப்பாவோடு சண்டை பிடித்து, நானே அதை அடியோடு வெட்டினேன். தளிர்த்துவிட்டதா? அப்படியென்றால் நானும் போகலாம்."

அடுத்த வாரமே சலூனைப் பூட்டிவிட்டுத் தீவுக்குப் போய்விட்டார்.

மூன்று மாதமாகிறது. சலூன் கதவில் பூட்டு இன்னும் தொங்குகிறது. வேறிடத்தில் முடிவெட்ட மனம் வரவில்லை. வெட்டிய அத்தி தளிர்க்குமா என்று கேரம் டவுன்ஸ் கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு, பின்கழுத்தில் முடி அரிக்கத் திரிகிறேன்.