மணிக்கட்டில் இரண்டு பொட்டு

இடது மணிக்கட்டின் உட்புறத்தில் இரண்டு பொட்டு மருந்து, ஒன்று க்ரீம், மற்றது ஆயின்மென்ட். முதலாவது தடவியதும் தோலுக்குள் போய்விடும். மற்றது பளபளவென்று மேலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ராய்னா தோனேவா மணிக்கட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்க்கிறார். எதிரே ஆள் நிற்பது பற்றிக் கவலையில்லை. "பெட்டியில ஆயிரம் எழுதுவான். ஒட்டுதா வழியுதான்னு தோலுதான் சொல்லணும்."

ரஸ்கிராட் சாலையில், மல்யுத்தக் கூடத்துக்கு நேர் எதிரே அவருடைய மருந்துக்கடை. முப்பது பிள்ளைகள் ஒரே மெத்தையில் புரளும் கூடம் அது. ஒரு தாடையில் புண் வந்தால் அடுத்த வாரம் பத்துத் தாடைகளில் இருக்கும். தேன் காய்ந்ததுபோல் மஞ்சள் பொருக்கு. எந்த மருந்து உசத்தி என்று தாய்மார்கள் கடையிலேயே கட்சி கட்டுவார்கள்: ஃபியூசிடிக் கட்சி, முபிரோசின் கட்சி.

"ரெண்டுமே நல்லா வேலை செய்யும்மா. டாக்டர் எழுதினதைப் போடு. நீர் வடிஞ்சா க்ரீம், காஞ்ச பொருக்குன்னா ஆயின்மென்ட். மூணாம் நாளே ஆறிடுச்சுன்னு நிறுத்தினே, வீட்டுக்கே வந்துருவேன்." வந்துமிருக்கிறார். திட்டி முடித்து, அந்த வீட்டில் சுட்ட சீஸ் பனிட்சா சூடாக ஒரு துண்டும் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை கூடத்துப் பயிற்சியாளர் டோப்ரி உள்ளே வந்தார். நூற்றிருபது கிலோ, பள்ளியில் ராய்னாவோடு ஒரே பெஞ்சு. பின்னால் பதின்மூன்று வயது மில்கானா, கழுத்துத்துணியால் தாடையை மூடிக்கொண்டு. சனிக்கிழமை வட்டாரப் போட்டி. டோப்ரி தன் மனைவியின் அரிப்புக் களிம்பை மேசையில் வைத்தார்.

"இதே மாதிரி இன்னொண்ணு குடு. இவ தாடையில ரெண்டு தடவை தடவினேன், பாதிச் சிவப்பு போயிடுச்சு. போட்டி டாக்டர் கண்ணுல படாம இருந்தாப் போதும்."

"இது ஸ்டீராய்டுடா. சிவப்பைத்தான் மறைக்கும். கிருமிக்கு விருந்து வெச்சிருக்கே."

"பிள்ளை ஒரு வருஷமா உழைச்சிருக்கா, ராய்னா."

"அவகூட மோதப்போற பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சுங்க?"

"உனக்கு விளையாட்டைப் பத்தி என்ன தெரியும்!"

ராய்னா களிம்பைக் குப்பைக்கூடையில் போட்டார். மில்கானா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். ராய்னா மேலங்கியை மாட்டிக்கொண்டு, "கடையைப் பாத்துக்கோ. எதையும் தொடாதே" என்று டோப்ரியிடம் சொல்லிவிட்டு, அவளை எதிர்த்தெரு மருத்துவரிடம் தானே கூட்டிப்போனார். ஃபியூசிடிக் க்ரீம், நாளொன்றுக்கு மூன்று வேளை, ஏழு நாள். புண் காயும்வரை மெத்தைப் பக்கம் போகக்கூடாது.

சனிக்கிழமை, தாடையில் கட்டோடு மில்கானா மருந்துக்கடையில் உட்கார்ந்து கைபேசியில் போட்டியைப் பார்த்தாள். அவள் இடத்தில் இறங்கிய வேறொருத்தி தோற்றாள். பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்ட ராய்னா, கடைசிவரை, "இதுல நம்ம ஆளு எது? சிவப்பா, நீலமா?" என்று கேட்டபடி இருந்தார். மூன்றாவது முறை கேட்டபோது மில்கானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டோப்ரி மட்டும் பேசவில்லை. கடையைக் கண்டால் சாலையின் மறுபக்கம் மாறி நடந்தார். பன்னிரண்டாம் நாள் மாலை வந்தார். இரண்டு பெண்கள் மருந்து வாங்கிக்கொண்டு போகும்வரை பல் தூரிகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு தாடியை விலக்கிக் காட்டினார். மஞ்சள் பொருக்கு.

"எரியுமா?" என்றார் மெதுவாக.

ராய்னா வாசலுக்குப் போய், 'கடை மூடியிருக்கிறது' அட்டையைத் தெருப்பக்கம் திருப்பினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். திரும்பி வந்து, கையுறை மாட்டிய இரண்டு விரல்களால் அந்தப் பெரிய தாடையை விளக்கை நோக்கி மெல்ல உயர்த்தினார்.