நான் கேட்டு வாங்கிய கென்யாவும் பேச்சு நின்றுபோன என் மகளும்

சபையார் எல்லாருக்கும் என் அன்பும் ஸ்தோத்திரமும். நான் ஜெயராணி. இங்கே மண்ணரையில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டு, இதே சபையில் உங்களோடு உட்கார்ந்து ஜெபித்தவள். இப்போது என் வீட்டுக்காரர் செல்வினோடும் மகள் அக்சாவோடும் கென்யாவில் இருக்கிறேன். லீவுக்கு வந்த எங்களைப் பார்த்து, "கர்த்தர் உங்களை உயர்த்திவிட்டார்" என்று சந்தோஷப்படுகிறீர்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் நெஞ்சு குத்துகிறது. அங்கே போன பிறகு என் மகள் பல மாதம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. யாரிடமும் பேசவில்லை. அதற்குக் காரணம் நான்தான். உங்களிடம் அதை மறைத்தேன்.

என் வீட்டுக்காரர் கட்டிங் மாஸ்டர். அவருடைய முதலாளி கென்யாவில் ஒரு யூனிட் ஆரம்பித்தார். "தனியாப் போவாதீங்க செல்வின். ஊட்ல அம்மிணியையும் புள்ளையையும் கூட்டிட்டே போயிருங்க. கம்பெனியே ஊடு குடுக்குதுங்க" என்றார். இவருக்கு மனசில்லை.

"பிள்ள இங்க சந்தோஷமா இருக்கா. அவள எதுக்கு இழுத்துட்டுப் போகணும்?"

நான் விடவில்லை. வெளிநாடு போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை. உபவாசம் இருந்தேன். நீங்களும் சேர்ந்து ஜெபித்தீர்கள். விசா வந்தது. சாட்சியும் சொன்னேன். அக்சாவிடம் மட்டும் நான் எதையும் கேட்கவில்லை. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்தை முந்திக்கொண்டு சொல்கிறவள். தெருவில் அவள் வாய் ஓயாது. "நான் வரலம்மா" என்று அழுதாள். "போனா ரெண்டு நாள்ல பழகிருவ" என்று சொல்லி விமானம் ஏற்றினேன்.

அங்கே ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும். வகுப்பில் இங்கிலீஷ். விளையாடுகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் அந்த ஊர்ப் பாஷையான சுவாஹிலி பேசும். முதல் வாரத்திலேயே ஒரு நாள், நனைந்த யூனிஃபார்மைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. "இவ்வளவு பெரிய பிள்ள பாவாடையிலயே போவியா? மானத்த வாங்குத" என்று திட்டினேன். அவள் சுவரோரமாய்ப் போய் உட்கார்ந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. முதலில் பள்ளிக்கூடத்தில். பிறகு வீட்டிலும். பசித்தால் தட்டைக் காட்டுவாள். வேண்டாம் என்றால் தலையை ஆட்டுவாள். வாயில் இருந்து சத்தமே இல்லை. டாக்டர் பார்த்தார். காதும் தொண்டையும் நன்றாக இருக்கின்றன, பயத்தில் இப்படி இருக்கிறாள், வற்புறுத்தாதீர்கள் என்றார். நான் கேட்கவில்லை. தினமும் வேதாகமத்தை எதிரில் வைத்து, "வாசிட்டி, ஒரு வசனமாவது சொல்லுட்டி" என்று நச்சரித்தேன். ஒரு நாள் கோபத்தில் கன்னத்தில் அடித்துவிட்டேன். அவள் அழுதாள். அழுகையில்கூட சத்தம் வரவில்லை.

"அவள ஏன் அடிக்கே? நாமதான கூட்டிட்டு வந்தோம்?" என்றார் இவர்.

'நாம' என்று சொன்னார். அவர் நல்லவர். 'நீ' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்குத்தான் உங்கள் ஜெபக் குழுவுக்குப் போட்டோ அனுப்பினேன். அக்சாவும் நானும் பூச்செடி பக்கத்தில் நிற்கிற போட்டோ. "எல்லாரும் சுகம், தேவனுக்கே மகிமை" என்று எழுதினேன். அதற்கு ஆமென் போட்ட ஒவ்வொருவரிடமும் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

ஜெபம் பண்ணவும் கூச்சமாயிருந்தது. நான் கேட்டதைத்தானே கர்த்தர் கொடுத்தார்? எந்த முகத்தோடு இன்னொன்று கேட்பது?

ஒரு சனிக்கிழமை தனியாகச் சந்தைக்குப் போனேன். திரும்பும்போது தவறான வேனில் ஏறிவிட்டேன். கண்டக்டர் பையன் எங்கே இறங்கணும் என்று சத்தமாய்க் கேட்டான். வேனில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊர் பெயர் எனக்குத் தெரியும். நாலு வார்த்தை இங்கிலீஷும் தெரியும். ஒன்றும் வரவில்லை. யாரோ சிரித்தார்கள். தெரியாத இடத்தில் இறங்கி, காய்கறிப் பையோடு ரோட்டோரம் நின்று அழுதேன். அப்போதுதான் என் பிள்ளை தினம் தினம் எங்கே நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அங்கேயே நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, அவளைப் பேச வையும்னு இனி உம்மை நெருக்க மாட்டேன். அவ பேசாட்டாலும் என் பிள்ளதான். என்னைத் திருத்தும். அவ பக்கத்துல என்னைக் கொண்டுபோய் விடும்." அவ்வளவுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து, வாசிக்கச் சொல்லி வற்புறுத்துவதை விட்டேன். பக்கத்து வீட்டில் மெர்சி என்று ஒரு கென்யாப் பெண், கோழி வளர்த்து விற்கிறவள். அவளிடம் போய், எனக்கு உங்கள் பாஷை சொல்லித் தா என்று கேட்டேன். தினமும் சாயங்காலம் அவள் முற்றத்தில் உட்காருவோம். அக்சாவும் வருவாள். கோழிக்குத் தீனி போடுவாள். நான் ஒவ்வொரு வார்த்தையாய்த் தப்பும் தவறுமாய்ச் சொல்லுவேன். மெர்சி விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். மகள் எதிரில் தப்பாய்ப் பேசுவது எனக்கு நல்லதாய்ப் பட்டது.

ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் கோழி கேட்கப் போனேன். கெட்டியாய்ப் பாடம் பண்ணிக்கொண்டு போய், "நத்தாகா காக்கா" என்றேன். மெர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என்ன தப்பு என்று தெரியாமல் நான் முழித்தேன்.

பின்னால் இருந்து ஒரு சத்தம்.

"காக்கா இல்லம்மா. கூக்கு. கூக்குன்னாதான் கோழி. காக்கான்னா அண்ணன். நீ அண்ணன் வேணும்னு கேக்குற."

திரும்பிப் பார்த்தேன். கையில் தீனியோடு அக்சா சிரித்துக்கொண்டு நின்றாள். அத்தனை மாதமும் வாயை மூடிக்கொண்டு அந்தப் பாஷையைக் காதால் சேர்த்து வைத்திருக்கிறாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. பயந்துவிடுவாளோ என்று நின்ற இடத்திலேயே நின்று, "கூக்கு" என்று திருப்பிச் சொன்னேன். "ம், இப்போ சரி" என்றாள். மெர்சி கண்ணைத் துடைத்தாள். சிரித்ததால் வந்த கண்ணீர் இல்லை அது.

அந்த வாரத்தில், பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னும்போது அவளாகவே சொன்னாள்.

"அன்னைக்கு நான் மிஸ்கிட்ட பாத்ரூம் போகணும்னு சொன்னேன்மா. தமிழ்லதான் வந்துச்சு. அவங்களுக்குப் புரியல. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்தா நீயும் திட்டுன."

அந்த 'நீயும்' இன்னும் என்னை விடவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவ மன்னிச்சிரும்மா" என்றேன்.

"சரிம்மா. சீக்கிரம் பின்னு, பஸ் வந்துரும்."

அவள் மன்னித்துவிட்டாள். கர்த்தரும் மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். நான்தான் என்னை இன்னும் முழுசாய் மன்னிக்கவில்லை. இன்று அவள் பள்ளிக்கூடத்தில் பேசுகிறாள். சில நாள் அமைதியாய் இருப்பாள். அந்த நாட்களில் நானும் அமைதியாய்ப் பக்கத்தில் இருப்பேன்.

சபையாரே, நீங்கள் கேட்டது கிடைத்து, அதனாலேயே வீட்டில் ஒருவர் உடைந்துபோயிருந்தால், வெட்கப்பட்டு ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். அந்த வெட்கத்தோடேயே கர்த்தரிடம் போங்கள். என்னை அவர் தள்ளவில்லை. இன்னொன்று. நம் தெரு லைன் வீடுகளில் ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் இங்கே இருந்த வருஷங்களில் ஒரு பிள்ளையின் பெயர்கூடக் கேட்டதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

நான் பேச எழுந்திருக்கும் முன்னே போதகர் ஐயா, "பாப்பாவும் வந்து ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்று அன்பாய்க் கூப்பிட்டார். அக்சா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அதோ அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் அவளை வா என்று கூப்பிடவில்லை. அந்த மனதை எனக்குத் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.