தயிர் டப்பாவில் ஒரு சாட்சி

வைட்ஃபீல்டில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டில் சில மாலைகளில் வெனிலா மணக்கும். யார் வீட்டிலோ கேக் வேகிறது. குழந்தைகள் மூக்கை உறிஞ்சிச் சிரிக்கிறார்கள். ஏழாவது மாடிக்குப் போக வேண்டிய நான் மூன்றிலேயே இறங்கிவிடுகிறேன். முட்டி வலிக்கிறது. இருந்தும் படியேறுகிறேன். எனக்கு அது கேக்கின் வாசனை இல்லை. காக்ஸ் டவுன் வாடகை வீட்டில் என் தம்பி மனைவி ஊற்றிய நூற்றிருபது சோப்புகளின் வாசனை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய சோப்புகள்.

அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு வந்து இருந்த வருடம் அது. கையில் எதுவும் நிலைக்காத காலம். அவள் செய்வதையெல்லாம் நானும் செய்து பார்க்கத் துடித்தேன். காஸ்டிக் சோடாவைக் கரைத்து, ஆறவைத்து, எண்ணெயில் ஊற்றிக் கடைவாள். தோசை மாவுப் பதம் வந்ததும், வாசனை சேர்ப்பதற்கு முன், ஒரு கரண்டி எடுத்துத் தயிர் டப்பாவில் ஊற்றித் தனியாக வைப்பாள். அதற்கு அவள் வைத்த பெயர் சாட்சி. "சோப்பு நிறம் மாறிச்சுன்னா சாட்சியக் கேக்கணும் அண்ணி. அதுவும் மாறியிருந்தா எண்ணெய்ல தப்பு. அது வெள்ளையா இருந்தா, அப்புறமா சேத்ததுல தப்பு."

தம்பிக்குப் புனேக்கு மாற்றல் வந்திருந்தது. பக்கத்துத் தெருக் கல்யாணத்துக்கு, வருகிறவர்கள் கையில் கொடுக்க வெள்ளை மல்லிகை சோப்பு கேட்டிருந்தார்கள். இந்த ஆர்டர் தேறினால் அவள் இங்கேயே இருந்து விவேக் நகரில் சின்னதாக ஒரு கடை பார்க்கலாம். இல்லையென்றால் அச்சுகளைக் கட்டி வைத்துவிட்டு அவனோடு கிளம்ப வேண்டும். கணவனும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டது அது.

ஊற்றிய அன்று மழை. சாட்சியை எடுத்து வைத்தாள், மல்லிகை எண்ணெயைச் சேர்த்தாள். வாசலில் சிலிண்டர்காரர் கூப்பிட்டதும் எழுந்து போனாள். குனிந்து முகர்ந்தேன். எனக்கென்னவோ அது மாலை போட்ட பிணத்தின் வாசனையாகப் பட்டது. அலமாரியில் காபி சோப்புக்கென்று வாங்கிய வெனிலா எண்ணெய் இருந்தது. இரண்டு மூடி ஊற்றிக் கலக்கிவிட்டேன். அவள் வந்து முகர்ந்து, "இன்னிக்கு மல்லி என்ன இவ்ளோ இனிப்பா இருக்கு?" என்றாள். மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். என்ன அபத்தமான பதில்! அவள் நம்பினாள்.

மறுநாள் காலையிலேயே அச்சைத் திறக்கச் சொல்லி நச்சரித்தேன். அவள் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பள்ளம் விழுந்தது. "இன்னும் ஈரமா இருக்கு. குளிருக்கு ரெண்டு நாள் ஆகும் அண்ணி." சாயங்காலம் என் தொல்லை தாங்காமல் நான்கு அச்சுகளில் ஒன்றைக் கவிழ்த்தாள், மூலை அச்சோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. மற்ற மூன்றையும் மூன்றாம் நாள் திறந்தோம். வழுவழுவென்று, வெள்ளையாக. கைதட்டினோம்.

ஐந்தாம் நாள் ஓரங்கள் டீ நிறம். ஆறாம் நாள் காபி. தம்பி தட்டைப் பார்த்து, "ஏம்மா, கல்யாணத்துக்கு சோப்பு கேட்டாங்களா, மைசூர்பாகு கேட்டாங்களா?" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "சாட்சி எங்க அண்ணி?" என்றாள்.

அன்று விடியற்காலையிலேயே நான் அதைப் பார்த்திருந்தேன். பால் மாதிரி இருந்தது. கோதுமை மாவு டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். "கழுவிட்டேனே, வெறும் டப்பான்னு நெனச்சேன்."

அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அவசரப்பட்டு அச்சைத் திறந்ததுதான் காரணம் என்றாள். பிறகு எண்ணெய் பழசு என்றாள், சோடா சூடாக இருந்தது என்றாள். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. வாய் திறந்து ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் மறுபடி ஊற்றிக் காயவைக்க நாள் போதும். எதில் தப்பு என்று தெரியாமல் அவளுக்குக் கை எழவில்லை. சோப்பைப் பார்க்க வந்த கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "பேடாம்மா, வேணாம், பரவால்ல, வேற பாத்துக்கறோம்" என்று மெதுவாக வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண்மணி திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்போது ஃபோனில் பேசுவோம். புனே வெயில், என் முட்டி, தம்பியின் சர்க்கரை. சோப்புப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. நான் எத்தனையோ முறை ஆரம்பித்து, என்ன சமையல் என்று கேட்டு முடித்திருக்கிறேன்.

மூன்றாம் மாடியிலிருந்து ஏறும்போது கூடவே ஏறி வருவது அவர்கள் புறப்பட்ட காலைதான். பெட்டிகளை டாக்ஸியில் ஏற்றியாகிவிட்டது. தம்பி முன்னால் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் முழுக்கச் சமையலறையைக் கட்டி வைத்தவள் அவள். கண்ணாடியை இறக்கி என் கையைப் பிடித்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"சாட்சி இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு அண்ணி. நீங்க வெச்ச எடத்துலயே வெச்சிட்டு வந்திருக்கேன்."